அப்பால என்றால் எப்போது?

டபேதார் அண்ணன் அன்று நான் நீட்டிய மசால்வடையை உடனே வாங்கித் தின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நான்கு வயது மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருக்கும்போதுகூட இந்தக் கேள்வி வந்து நின்றுவிடுகிறது. பதில்தான் இன்றுவரை கிடைக்கவில்லை.

சட்டக் கல்லூரியை முடித்த கையோடு உயர் நீதிமன்றத்தில் ஒரு நீதிபதியிடம் லா கிளார்க்காகச் சேர்ந்தேன். விசாரணைக்கு வரும் வழக்குக் கட்டுகளை முன்கூட்டியே படித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கக் குறிப்பு எழுதி அவர் மேசையில் வைக்க வேண்டும். திருவொற்றியூரில் ரயிலேறும்போது ஒரு தமிழ், கடற்கரை நிலையத்தில் இறங்கும்போது வேறு தமிழ் என்று என்னை நானே பழக்கியிருந்தேன். வெள்ளை உடையும் சிவப்புப் பட்டையுமாக, வெள்ளிக்கோல் ஏந்தி நீதிபதிக்கு முன்னால் நடக்கும் டபேதார் அண்ணன் வியாசர்பாடிக்காரர். முதல் வாரமே என்னைக் கண்டுபிடித்துவிட்டார். “இன்னா மேடம், திர்வொத்தியூர்ல பொறந்துட்டு டிவில நியூஸ் வாசிக்கிறாப்புல பேசினுகீற? வூட்லயும் இப்டித்தானா? பாவம், உங்கம்மா!”

அந்த வழக்கின் அடையாளங்களைக் கொஞ்சம் மாற்றியே எழுதுகிறேன். எண்ணூர்ப் பக்கம் சைக்கிளில் போனவர் கன்டெய்னர் லாரி மோதி இறந்துபோனார். பாதித் தப்பு அவர்மீதே என்று கீழ்த் தீர்ப்பாயம் இழப்பீட்டைப் பாதியாக்கிவிட, அவர் மனைவி மேல்முறையீட்டுக்கு வந்திருந்தார். எதிரே டீக்கடை வைத்திருந்த அம்மாள்தான் ஒரே சாட்சி. “அவரு ஓரமா ஒதுங்கிட்டாரு. அப்பாலதான் லாரி வந்துச்சு” என்பது அவருடைய வாக்குமூலம். ஆங்கில மொழிபெயர்ப்பில் லாரி ‘சாலையின் மறுபக்கம்’ வந்ததாக இருந்தது. மறுபக்கம் போன லாரியில் அடிபட்டார் என்றால் இவர்தானே குறுக்கே போயிருக்க வேண்டும்? தமிழ் மூலத்தையும் எடுத்துப் பார்த்தேன். சந்தேகம் தீர அகராதியையும் புரட்டினேன். அப்பால், அந்தப் பக்கம். மொழிபெயர்ப்பு சரி என்று எழுதிக் கையெழுத்தும் போட்டு, குறிப்பை மேசையில் வைத்துவிட்டேன்.

மறுநாள் விசாரணை. குறிப்பை வைத்த அன்றே மாலை, நீதிபதியின் அறை வாசலில் நின்றிருந்த அண்ணனிடம்தான் வடையை நீட்டினேன். “ஐயா பெல் அடிப்பாரு. வெச்சிட்டுப் போ மேடம், அப்பால துன்றேன்.”

நான் அவர் வாயையே பார்த்தேன். “இன்னா மேடம் மொறைக்கிற? வடைல கரப்பான் கீதா?”

“அண்ணே, அப்பாலன்னா இன்னா?”

“அப்பாலன்னா அப்பாலதான். இப்ப இல்ல, அப்பால!” என்றவர் உடனே சிரித்துவிட்டார். “நீ ‘இன்னா’ன்னா கேட்ட? தோ பார்றா!”

எங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு நூறு தடவை புழங்கும் சொல். அம்மா குளிக்கச் சொன்னால் நான் சொல்லும் முதல் சொல். அதையே அகராதியில் தேடிப் பிடித்துத் தப்பாகப் படித்திருந்தேன். அவர் ஒதுங்கிய பிறகுதான் லாரி வந்தது. ஒதுங்கி நின்றவரைத் தேடி வந்து இடித்திருக்கிறது.

குறிப்பைத் திரும்பக் கேட்க உள்ளே போனேன். நீதிபதி தென்மாவட்டத்துக்காரர். நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இந்த அர்த்தம் எந்த அகராதியில இருக்கு?” என்றார்.

“நான் பாத்த அகராதியில இல்லைங்க ஐயா. எங்க வூட்ல இருக்கு.”

சொன்ன பிறகுதான் அந்த ‘வூட்ல’ என் காதில் விழுந்தது. அவர் புன்னகையை அடக்கிக்கொண்டு, “நானும் நீயும் இங்க உக்காந்து முடிவு பண்ற விஷயம் இல்ல இது. நாளைக்குக் கோர்ட்ல கேப்போம்” என்றார்.

மறுநாள் அந்த வரியைத் தமிழிலேயே உரக்கப் படித்து, இரு தரப்பு வக்கீல்களையும் பொருள் கேட்டார். லாரியின் காப்பீட்டு நிறுவனத் தரப்பு வக்கீல் எதற்கும் இறங்கி வராதவர் என்று பெயரெடுத்தவர். காகிதத்தை வாங்கி இரண்டு முறை படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். “அப்புறம்னுதான் அர்த்தம், ஐயா. நானும் ராயபுரம்தான்” என்றார். கோர்ட்டே சிரித்தது. இறந்தவர்மீது தப்பில்லை என்று சிறிது நேரத்தில் தீர்ப்பு சொல்லப்பட்டது.

பின்வரிசையில் இருந்த, இறந்தவரின் மனைவிக்கு ஆங்கிலத்தில் நடந்தது எதுவும் புரியவில்லை. வெளியே வந்து டபேதார் அண்ணனைத்தான் கேட்டார். “இன்னா சொன்னாரு ஐயா?”

“உன் வூட்டுக்காரரு மேல தப்பு இல்லன்னுட்டாரும்மா.”

“ஒண்ணியுமே இல்லியா?”

“ஒண்ணியுமே இல்ல.”

“அதத்தான நான் மொதல்லேர்ந்து சொல்லிக்கினு கீறேன்!” என்று அவரிடமே சண்டைக்குப் போனார். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

போன வாரம் என் மகளின் பள்ளிக்கூடத்தில் அழைத்திருந்தார்கள். “கலர் பென்சில் இங்க கீது மிஸ்” என்கிறாளாம். வீட்டில் நல்ல தமிழ் பேசுங்கள் என்று அன்பாகத்தான் சொன்னார் ஆசிரியை. எத்தனையோ சொல்லியிருக்கலாம். நான் தலையாட்டி, “சரிங்க மிஸ்” என்றேன். நாளைக்கு மற்றப் பிள்ளைகள் இவளைக் கேலி செய்தால் என்ற பயம்தான். அதை நான் அனுபவித்திருக்கிறேன். என் மகளோ படியிறங்கும்போது, “அம்மா, நீ இன்னாத்துக்கு மிஸ்கிட்ட வேற மாதிரி பேசுன?” என்று கேட்டாள்.

வீட்டுப் பேச்சையும் வெளிப்பேச்சையும் ஒன்றுக்கொன்று வெட்கப்படாமல் பிள்ளைக்குக் கொடுத்தவர்கள் உங்களில் இருப்பார்கள். எப்படிச் செய்தீர்கள்? அந்த ஆசிரியையிடம் திரும்பப் போய் நான் என்ன சொல்ல வேண்டும்? அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது. தயவுசெய்து எழுதுங்கள்.