பத்து விரலில் காந்தி மார்க்கெட்

தென்னூரில் தனக்குத் தெரியாமல் ஒரு வீட்டில் உலை கொதிக்காது என்று ஷரபுன்னிசா சொல்லிக்கொள்வார். வேறு யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. வயது ஐம்பத்தெட்டு. கணவருக்குப் பெரிய கடைவீதியில் சூட்கேஸ் கடை. ஒரே மகன் மன்சூர் ஷார்ஜாவில் இருக்கிறான். மருமகள் சம்ரீனுக்குத் தில்லைநகரில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. கல்யாணமாகி மூன்று வருடமாகியும் வீட்டில் தொட்டில் கட்டவில்லை என்பது ஒன்றுதான் அவருக்குக் குறை. மற்றதெல்லாம் ஊராருடைய குறைகள், அவற்றையும் அவரே பார்த்துக்கொண்டார்.

அவர் சேதி சேகரிக்கும் முறை தனி. நகத்தில் சாயம் பூசியிருந்தால் அடியில் தண்ணீர் படாது, தண்ணீர் படாவிட்டால் தொழுகைக்கு முன் கைகால் கழுவுகிற ஒளு நிறைவேறாது, ஒளு இல்லாமல் தொழுகை கிடையாது. அதனால் தொழுகிற பெண்கள், மாதத்தில் தொழுகை இல்லாத அந்த நாலைந்து நாளில்தான் நகத்துக்குச் சாயம் பூசுவார்கள். குளிக்குமுன் அழித்துவிடுவார்கள். பல வீடுகளில் உள்ள வழக்கம்தான். அதைத் தினசரிப் பேப்பராக்கிப் படித்தவர் ஷரபுன்னிசா ஒருவரே.

கல்யாண வீட்டில் எந்தப் பெண்ணைக் கண்டாலும் "வாம்மா, நல்லா இருக்கியா?" என்று இரண்டு கையையும் பிடித்துக்கொள்வார். பாசம் என்று புதியவர்கள் நெகிழ்ந்து போவார்கள். பழகியவர்கள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொள்வார்கள். சொந்தத்தில் எந்தப் பெண்ணுக்கு எந்தத் தேதி, யாருக்குத் தள்ளிப் போயிருக்கிறது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஒருமுறை பாலக்கரையில் ஒரு பெண்ணின் நகம் இரண்டு மாதமாக வெறுமையாக இருக்கக் கண்டு, முழுகாமல் இருக்கிறாள் என்று முடிவுகட்டி ஊரெல்லாம் சொல்லிவிட்டார். அந்தப் பெண்ணுக்கு நகச்சாய வாடையே ஆகாது என்பது பிறகு தெரிந்தது. அதற்குள் அவள் மாமியார் பேரனுக்குப் பெயர் தேர்ந்தெடுத்துவிட்டிருந்தார். ஷரபுன்னிசா வருத்தப்படவில்லை. "நான் சொன்னது நல்ல சேதிதானே!" என்றார்.

இப்போது சொந்த வீட்டிலேயே அந்தக் கலைக்கு வேலை வந்திருந்தது. சம்ரீனின் நகம் நாற்பத்தொன்பது நாளாக வெறுமையாக இருந்தது. இடையில் மன்சூர் ஒரு மாத லீவில் வந்துவிட்டுப் போயிருந்தான். போன வாரம் இரண்டு நாள் காலையில் அவள் வாந்தி எடுத்த சத்தமும் குளியலறைக் கதவு வழியே கேட்டது. ஷரபுன்னிசா வாயைத் திறக்கவில்லை. அவர் வாழ்க்கையில் இது பெரிய சாதனை. அவள் தானே வந்து, "மாமி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று தொடங்க வேண்டும், உலகத்திலேயே முதலில் தன்னிடம் சொல்ல வேண்டும், பிறகு தன் வாயால் எல்லோருக்கும் சேதி போக வேண்டும். இந்த வரிசை மாறக்கூடாது என்று அவர் மனம் தவியாய்த் தவித்தது. முதலில் தெரிந்துகொள்வதுதான் அவருக்கு மரியாதை.

அந்தச் சனிக்கிழமை சம்ரீனின் ஆபீஸில் மாறுவேட விருந்து. ஆளுக்கு ஓர் இடம், அந்த இடத்து மனிதராக வேடம் போட வேண்டும் என்று சீட்டுப் போட்டதில் அவள் தோழி தேவதர்ஷினிக்கு அவள் குடியிருக்கிற ஸ்ரீரங்கமே வந்துவிட்டது. சம்ரீனுக்குக் காந்தி மார்க்கெட். காய்க்காரியாகப் போவது, தலையில் சும்மாடு, இடுப்பில் சுருக்குப்பை, பத்து விரலிலும் பத்துக் காய் என்று அவள் திட்டம் போட்டிருந்தாள்.

காலையிலேயே பாலக்கரைக்கு வலீமா என்கிற கல்யாண விருந்துக்குப் போன ஷரபுன்னிசா, மூன்று மணிக்குப் பிரியாணிக் களைப்போடு வீடு திரும்பினார். சம்ரீன் சாப்பாட்டு மேஜையில் பழைய பேப்பரை விரித்து உட்கார்ந்திருந்தாள். எதிரே ஏழெட்டு நகச்சாயக் குப்பிகள், பல்குச்சிகள், பஞ்சு, போனில் ஓடிக்கொண்டிருந்த ஒரு வீடியோ. இடது கையை மேஜைமேல் விரித்து வைத்து, பல்குச்சி முனையால் சுண்டு விரலில் பச்சை மிளகாய் வரைந்துகொண்டிருந்தாள். கட்டை விரலில் ஊதாக் கத்தரிக்காய். அடுத்ததில் தக்காளி. பிறகு கேரட், வெண்டைக்காய். வலது கையில் அவரை, பூசணிக் கீற்று, முள்ளங்கி, பாகற்காய், சின்ன வெங்காயம் எல்லாம் ஏற்கெனவே காய்ந்து மினுங்கின.

ஷரபுன்னிசா பத்து விரலையும் எண்ணிப் பார்த்தார். நாற்பத்தொன்பது நாளும் ஒரு நொடியில் வீணாகிவிட்டன.

"மாமி, வந்துட்டீங்களா? எப்படி இருக்கு பாருங்க" என்று சம்ரீன் இரண்டு கையையும் நீட்டினாள்.

அவருக்கு அழவேண்டும்போல் இருந்தது. ஆனால் கண்ணில் பட்ட தப்பைச் சொல்லாமல் விட அவரால் ஆகுமா?

"கத்தரிக்காய்க்குக் காம்பு எங்க? காம்பு இல்லாம எவன் வாங்குவான்?"

"ஐயோ ஆமா மாமி!" அவள் குச்சியைப் பச்சைக் குப்பியில் தோய்த்துக் காம்பு வைத்தாள்.

"பாகற்காய் வழவழன்னு இருக்கு. முள்ளு வைக்கணும்."

சம்ரீன் புள்ளி புள்ளியாக முள் வைத்தாள். பாகற்காய் உயிர் பெற்றது. "மாமி, நீங்க சொன்னாத்தான் சரியா வருது" என்று சிரித்தாள். இவ்வளவு சந்தோஷமாகச் சிரிக்க இவளுக்கு எப்படி மனசு வருகிறது என்று ஷரபுன்னிசா எரிச்சலோடு எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அப்படியானால் அந்த வாந்தி? ஆபீஸ் கேன்டீன் பரோட்டா. சந்தேகமே இல்லை. காதால் கேட்டது பொய்யாகலாம், நகம் பொய் சொல்லாது. அந்த நகத்தை ஒருமுறை தொட்டுப் பார்த்திருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். ஊரார் கையையெல்லாம் பிடித்துப் பார்த்தவருக்கு மருமகள் கையைப் பிடித்துப் பார்க்கத் தோன்றவில்லை.

துக்கத்தைத் தனியாகச் சுமக்கும் பழக்கம் அவருக்கு இல்லை. போனை எடுத்தார். முதலில் உறையூரில் இருக்கும் தங்கை ஜெஸிமா.

"இந்த மாசமும் இல்லடி. இப்பத்தான் பாத்தேன், பத்து விரல்லயும் சாயம். கடையே விரிச்சு வச்சிருக்கா."

"ம்ம்" என்றாள் ஜெஸிமா.

"எனக்குக் குடுத்து வைக்கல, அவ்வளவுதான்."

"ம்ம். விடுங்கக்கா, அல்லாஹ் பெரியவன்."

பிறகு முசிறியில் நாத்தனார், பீமநகரில் சித்தி மகள் என்று ஜெஸிமாவோடு சேர்த்து வரிசையாக ஆறு பேரைக் கூப்பிட்டார். ஆறு பேரும் "ம்ம்" என்றார்கள். ஒருவர்கூடத் தன்னோடு சேர்ந்து ஒரு பாட்டம் அழவில்லையே, மனுசர்களுக்கு ஈரமே இல்லாமல் போய்விட்டதே என்று அவருக்கு ஆத்திரம் பொங்கியது. ஏழாவதாக மகனுக்கே போட்டார்.

"வாப்பா மன்சூரு, மனசைத் தேத்திக்கப்பா."

"என்னாச்சும்மா?"

அவர் விளக்கினார். மறுமுனையில் மன்சூருக்குத் திடீரென்று இருமல் வந்தது. தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டான். பிள்ளை துக்கத்தை அடக்குகிறான் என்று ஷரபுன்னிசா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மாலை அஸர் தொழுகைக்குப் பாங்கு ஒலித்தது. முகம் கழுவலாம் என்று கூடத்துக்கு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். மேஜையில் ஒரு பிஸ்கட் டப்பா மூடி. அதன்மேல் கத்தரிக்காய் முதல் சின்ன வெங்காயம் வரை பத்துக் காயும் வரிசையாக ஒட்டியிருந்தன. எல்லாம் பிளாஸ்டிக் நகம், அடியில் இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப்பு. குழாயடியில் சம்ரீன் முழங்கை வரை தண்ணீர் ஓடவிட்டு ஒளு செய்துகொண்டிருந்தாள். பத்து விரலும் பளிச்சென்று வெறுமையாக இருந்தன.

ஒட்டு நகம் என்ற ஒன்று உலகத்தில் வந்துவிட்டதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. அதனால் என்ன? நாற்பத்தொன்பதும் திரும்பிவிட்டது. சம்ரீன் தொழுது முடித்துப் பாயைச் சுருட்டும்வரை அவர் கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்தார். இன்றைக்குச் சொல்லிவிடுவாள், இப்போது சொல்லிவிடுவாள் என்று காத்திருந்தார்.

வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. தேவதர்ஷினி மடிசாரும் ஹெல்மெட்டுமாக உள்ளே வந்தாள்.

"நமஸ்காரம் மாமி! சம்ரீன் ரெடியா?" என்றவள், ஷரபுன்னிசாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "வாழ்த்துகள் மாமி! பாட்டியாகப் போறீங்க. ஆபீஸ்ல நாங்கல்லாம் ட்ரீட் கேட்டு அவளைப் பிடுங்கி எடுக்கறோம்."

"தர்ஷினி!" என்று உள்ளிருந்து சம்ரீன் கத்துவதற்குள் காலம் கடந்துவிட்டது.

ஷரபுன்னிசாவுக்குச் சந்தோஷம் வந்தது. உண்மையான சந்தோஷம், கண்ணில் தண்ணீர் வந்தது. அதன் பின்னாலேயே வலியும் வந்தது. ஸ்ரீரங்கத்துப் பெண்ணுக்குத் தெரிகிறது, ஒரே அடுப்பில் சாப்பிடுகிற தனக்குத் தெரியவில்லை. ஆனால் வலியை அனுபவிக்க நேரமில்லை. ஊருக்கு ஏழு தப்பான சேதி போயிருக்கிறது. அறைக்கு ஓடி ஜெஸிமாவைப் பிடித்தார்.

"அடியே, நான் சொன்னது தப்பு. சம்ரீன் முழுகாம இருக்கா!"

"தெரியும்க்கா" என்றாள் ஜெஸிமா.

"தெரியுமா? எப்ப?"

"பத்து நாளாச்சு. முசிறிக்கும் தெரியும், பீமநகருக்கும் தெரியும். மன்சூர் எல்லாருக்கும் போன் பண்ணினானே."

"அப்ப நான் அழுதப்ப ஏன்டி ம்ம் ம்ம்னு கொட்டிக்கிட்டு இருந்த?"

"உங்ககிட்ட மூணாம் மாசம் வரைக்கும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டான்க்கா. கோவிச்சுக்காதீங்க. உங்களுக்கு முதல்ல தெரிஞ்சுதுன்னா, அவன் மத்தவங்களுக்குச் சொல்ல ஒண்ணுமே மிச்சம் இருக்காதாம்."

ஷரபுன்னிசா போனை மறுகாதுக்கு மாற்றினார். பிறகு குரலை நிமிர்த்தினார்.

"எனக்கும் தெரியும்டி. நீங்கல்லாம் ரகசியம் காப்பீங்களான்னு சோதிச்சுப் பாத்தேன்."

"ம்ம்" என்றாள் ஜெஸிமா.

கூடத்தில் சம்ரீன் திண்டாடிக்கொண்டிருந்தாள். இடது கையில் நகங்களை ஒட்டியாகிவிட்டது. வலது கைக்கு ஒட்ட ஆள் வேண்டும். தேவதர்ஷினி தன் மடிசாரைத் தூக்கிப் பிடிப்பதிலேயே மும்முரமாக இருந்தாள்.

"மாமி, கோவமா?" என்றாள் சம்ரீன் தாழ்ந்த குரலில். "டாக்டர் மூணு மாசம் போகட்டும்னாங்க. அதான்..."

ஷரபுன்னிசா எதிரே உட்கார்ந்து அவள் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவரைக்காய் ஒட்டினார். பூசணி ஒட்டினார். முள்ளங்கியை எடுத்தவர் நிறுத்தி, வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, ரகசியக் குரலில் கேட்டார்.

"இன்னும் யாருக்காவது தெரியாம இருக்கா?"

சம்ரீன் கண்ணை மூடி நிஜமாகவே யோசித்தாள். தன் வீட்டார், மாமி வீட்டார், ஆபீஸ், பக்கத்து வீடு, எல்லோரையும் ஒரு சுற்று நினைத்துப் பார்த்தாள்.

"இல்ல மாமி" என்றாள். "நீங்க ஒருத்தர்தான் பாக்கி இருந்தீங்க."

சொல்லிவிட்டு அடுத்த விரலை நீட்டினாள்.