வெனிலா விலை விழுந்த வாரம்

நாக்கு நீளம் என்று அம்மா என்னைத் திட்டாத நாளில்லை. கடைசியில் எனக்குச் சோறு போடுவது என்னவோ மூக்குதான். கேளம்பாக்கத்தில் ஒரு சின்ன ஏற்றுமதி இறக்குமதி ஆபீசில் வேலை. மடகாஸ்கரிலிருந்து வெனிலாக் காய் வரவழைத்து, ஐஸ்கிரீம் கம்பெனிகளுக்கும் மாமல்லபுரம் பக்கத்து ஓட்டல்களுக்கும் விற்கிறோம். உள்ளூரில் யாராவது விளைவித்தால் அதையும் வாங்கி வெளியே அனுப்புவோம். பதப்படுத்திய காய் கறுத்து, எண்ணெய் தடவியதுபோல் மினுங்கும். அதை முகர்ந்து தரம் சொல்வது நான்.

கணவருக்கு அணுமின் நிலையத்தில் உத்தியோகம் என்பதால் வீடு அணுபுரம் டவுன்ஷிப்பில். அங்கிருந்து ஆபீஸ் வேனில் போய்வருவேன். வேன் ஓட்டுகிறவரின் மனைவி எங்கள் பிளாக்கைப் பெருக்கித் துடைக்கிறவள். இரண்டு பேருடைய பெற்றோரும் அடுத்தவர் வயலில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். அந்தக் குடும்பத்தில் சொந்தமாக மண் வாங்கிய முதல் ஆட்கள் இவர்கள்தான். அச்சரப்பாக்கத்துக்கு உள்ளே, தென்னையோடு அரை ஏக்கர். வேர்க்கடலை போட்டு, வருஷச் செலவை அதில் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் வேனில் போனில் பேசுவதைக் கேட்டு அவர்தான் ஆரம்பித்தார்.

"இன்னா மேடம், ஒரு காயிக்கு வெள்ளி வெலயா? மெய்யாலுமா?"

அப்போது எடைக்கு எடை வெள்ளியைவிட அதிக விலைதான். ஆமாம் என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பியிருக்கலாம். அம்மா சொன்ன நாக்கு சும்மா இருக்குமா. நிழல்வலை, ஈரம், கொடி நட்டு மூன்று வருஷம் கழித்துப் பூ என்று திருப்போரூர் வரைக்கும் பாடம் நடத்தினேன். திருட்டுப் பயத்தால் மடகாஸ்கர் விவசாயிகள் பச்சைக் காயிலேயே குண்டூசியால் தங்கள் அடையாளத்தைக் குத்தி வைப்பார்கள், காய் காய்ந்து கறுத்த பிறகும் அந்தத் தழும்பு போகாது என்றுகூடச் சொன்னேன். அடுத்த மாதமே சீட்டு எடுத்து, பாதி நிலத்தில் கடலைக்குப் பதில் நிழல்வலை போட்டுவிட்டார்கள்.

அதுவரை எனக்கு 'மேடம்' சொன்ன அவர் மனைவி, கொடி நட்ட அன்றிலிருந்து 'அக்கா' என்றாள். அது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. டவுன்ஷிப்பில் நான் இன்னாருடைய மனைவி, அவ்வளவுதான். இவர்கள் இருவரும்தான் இலை மஞ்சளானாலும் என்னைக் கேட்டார்கள், வேர் அழுகினாலும் என்னைக் கேட்டார்கள். எனக்குத் தெரிந்ததையும் சொன்னேன், தெரியாததையும் சொன்னேன்.

மூன்றாவது வருஷம் முதல் பூ வந்தது. அதே வாரத்தில்தான் ஆபீசுக்கு அந்தச் செய்தியும் வந்தது. மடகாஸ்கர் அரசாங்கம் ஏற்றுமதிக்கு ஓர் அடிவிலை கட்டி வைத்திருந்தது. அதற்குக் கீழே யாரும் விற்கக் கூடாது. அந்தக் கட்டை அவிழ்த்துவிட்டார்கள். அங்கே கிடங்கு கிடங்காகச் சரக்கு தேங்கிக் கிடப்பது எங்களுக்கு ஏற்கெனவே தெரியும். இனி விலை எங்கே போய் நிற்கும் என்று சொல்ல மூக்குகூட வேண்டாம். வாங்குகிற எங்களுக்கு அது கொண்டாட்டம். முதலாளி எல்லோருக்கும் பிரியாணி வரவழைத்தார்.

நானும் சாப்பிட்டேன். ருசித்துத்தான் சாப்பிட்டேன். ஒரு பொட்டலம் மிஞ்சியது. வேன்காரருக்குக் கொடுக்கலாம் என்று சொன்னதும் நான்தான்.

"இன்னா விசேசம் மேடம்?" என்று கேட்டுக்கொண்டே, சீட்டில் உட்கார்ந்தபடி பொட்டலத்தைப் பிரித்தார்.

"சும்மாதான்" என்றேன்.

அவர் எலும்பைக் கடித்துச் சாப்பிடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். பூ வந்திருக்கிற நேரத்தில் இதைச் சொல்லி மனசைக் கெடுப்பானேன், காய் பறிக்க இன்னும் மாசக்கணக்கு இருக்கிறதே, விலை திரும்பவும் ஏறாதா என்றெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அது இல்லை. சொன்னால் நான் அக்காவாக இருக்க முடியாது. அதுதான் உண்மை.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் நிலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். வெனிலாப் பூவுக்கு ஆயுசு ஒரு காலைப்பொழுது. வெயில் ஏறினால் வாடிவிடும். அதற்குத் தோதான வண்டு நம் ஊரில் இல்லாததால் ஒவ்வொரு பூவையும் மனிதக் கைதான் தொட வேண்டும். ஈர்க்குச்சியால் உள்ளே இருக்கிற மெல்லிய தோலைத் தூக்கி, மகரந்தத்தைக் கட்டைவிரலால் மெதுவாக அழுத்திவிட வேண்டும். தொட்ட பூ காயாகும், தொடாத பூ உதிரும்.

"உங்க வெரலு மெல்லிசா கீதுக்கா. இந்த வரிச நீங்க தொடுங்க. ராசியான கையி" என்றாள் அவர் மனைவி.

தொட்டேன். ஒரு வரிசை முழுக்கத் தொட்டேன். தப்பாகத் தொட்டுக் கெடுத்துவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. அதற்கும் துணிச்சல் இல்லை. ஒன்றுகூடத் தப்பவில்லை, அத்தனையும் காயாயிற்று. வரப்பில் உட்கார்ந்து அவள் கொண்டுவந்த இட்லியையும் வக்கணையாகச் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

காய் முற்றிப் பறித்து, வெந்நீரில் முக்கி, கம்பளியில் சுற்றி வேர்க்கவைத்து, மாதக்கணக்கில் மாடியில் காயவைத்து, அவர் ஒரு தகர டப்பாவில் ஆபீசுக்குக் கொண்டுவந்தார். மேஜைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். இந்தத் தொழிலில் ஒரு சூட்சுமம் உண்டு. விலை ஏறும்போது கோணல் காய்கூட முதல் தரமாகத் தெரியும், இறங்கும்போது நல்ல காயிலும் குறை தெரியும். முதலாளி ஒன்றை எடுத்து வளைத்துப் பார்த்தார். "பொடிக்குப் போடு" என்றார். பொடி பண்ணுகிற காய்க்குத்தான் இருப்பதிலேயே குறைந்த விலை. முகர்ந்தேன். அருமையான காய். பொடிக்கு என்றே எழுதினேன்.

விலையைக் கேட்டதும் அவர் தகர டப்பாவின் மூடியை எடுத்து அழுத்தி மூடினார். "வெல எறங்கிப்போச்சா" என்றார். இன்றுதான் எனக்கும் தெரியும் என்பதுபோல் தலையாட்டினேன்.

பிறகு சட்டைப் பைக்குள்ளிருந்து ஒரு காகிதப் பொட்டலம் எடுத்தார்.

"இது விக்கிறதுக்கு இல்ல மேடம். நீங்க தொட்ட வரிசையில காய்ச்சது. வூட்ல தனியா வெச்சிருந்துச்சு."

வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தேன். ஒவ்வொரு காயின் காம்பருகிலும் குண்டூசியால் குத்திய தழும்பு. என் பெயரின் முதல் எழுத்து. வீடே மணத்தது. ஃபிரிட்ஜில் வைத்துவிட்டேன். இன்றுவரை ஒரு பாயசத்துக்குக்கூட அதை எடுக்க மனசு வரவில்லை.

இந்த வருஷம் மறுபடி பூ வரும் நேரம். போன வாரம் சாயங்காலம் வேனில் மற்றவர்கள் இறங்கிய பிறகு அவர் கேட்டார்.

"எறங்குன வெல ஏறாமலா பூடும் மேடம்? மிச்ச எடத்துலயும் கொடி வுட்டுடலாம்னு வூட்ல சொல்லிகினு கீது. இன்னா சொல்றீங்க?"

இதற்கும் தலையாட்டினால் நான் மனுஷியே இல்லை.

"வேண்டாம். இப்போதைக்கு ஏறாது. மிச்ச நிலத்துல கடலையே போடுங்க" என்றேன். அதோடு நிறுத்தியிருந்தால் தப்பித்திருப்பேன். முடியவில்லை. "விலை விழும்னு எனக்கு முன்னாடியே தெரியும்."

"எப்போத்துலேந்து?"

"பிரியாணி கொடுத்தேனே, அன்னிக்கு."

திருக்கழுக்குன்றம் தாண்டிய பிறகு, "அப்ப ஞாயித்துக்கெழம பூவு தொட்டது?" என்றார்.

"தெரிஞ்சேதான் தொட்டேன்."

"அன்னிக்கே சொல்லியிருந்தா பாதிய புடுங்கிப்போட்டு கடல போட்டிருப்பேனே" என்றார். குரலை உயர்த்தவில்லை. டவுன்ஷிப் வாசலில் எப்போதும்போல வேனை நிறுத்தினார். எப்போதும்போல நான் இறங்கினேன்.

மறுநாள் காலை படியிறங்கும்போது அவர் மனைவி கீழ்ப்படியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என் காலடிச் சத்தம் கேட்டதும் வாளியை ஓரமாக நகர்த்தி, சுவரோடு ஒதுங்கி எனக்கு வழிவிட்டாள்.

"ஈரமா கீது, பாத்துப் போங்க மேடம்" என்றாள்.