நத்தை என்று நான் பெயர் போட்ட புழு

மூன்று வருடத்துக்கு முன்னர், கல்முனையில் நான் படிப்பிக்கிற பாடசாலையில் இரண்டு நாள் விஞ்ஞானக் கண்காட்சி நடந்தது. உயிரியல் பகுதி என்னுடைய பொறுப்பு.

அப்போது எனக்கு ஒரு புதுப் பைத்தியம் பிடித்திருந்தது. ஓடில்லாத கடல் நத்தைகள். விரல் நீளம்தான் இருக்கும். ஆனால் ஊதா, மஞ்சள், செம்மஞ்சள் என்று பெருநாள் உடுப்புப் போலப் பளபளக்கும். என்னோடு படிப்பிக்கும் ஒரு டீச்சரின் தம்பி வினாயகபுரத்தில் சிங்க இறால் பிடிக்கக் கடலில் சுழியோடுகிறவர். கடலுக்கடியில் எடுக்கிற படங்களை வட்ஸ்அப்பில் அனுப்புவார். நான் புத்தகத்தையும் இணையத்தையும் புரட்டி, எது என்ன இனம் என்று சொல்லுவேன். முழங்கால் தண்ணிக்கு மேல் கடலில் இறங்காத எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அவருடைய படங்களைப் பெரிதாக அச்சடித்து, கீழே பெயர் எழுதி மாட்டினேன். கறுப்பு உடம்பும் மஞ்சள் ஓரமுமாக இருந்த ஒன்றுதான் எல்லாரையும் இழுத்தது. முதல் நாள் பின்னேரம் அவரும் வந்தார். அந்தப் படத்துக்கு முன்னால் கனநேரம் நின்றார். சுற்றிவர என் வகுப்புப் பிள்ளைகள் நின்றார்கள்.

சனம் கலைந்து, நான் மேசைகளை ஒதுக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்தார்.

"டீச்சர், இது நத்தை இல்ல போல கிடக்கு. புழுச் சாதி எண்டு நினைக்கிறன்."

எனக்குச் சுருக்கென்றது. தலையில் இரண்டு கொம்பு இருக்கிறதே என்று காட்டினேன்.

"அது கொம்பு இல்ல. முன் ஓரத்த மடிச்சு வெச்சிருக்கு. மற்றதுகள்ட முதுகுல பூ மாதிரிச் செவுள் இருக்கும், இதுல இல்ல. போகக்குள்ள துணி அலையிற மாதிரி நெளிஞ்சு நீந்திச்சு."

நான் புத்தகம் பார்த்துத்தான் பெயர் போட்டேன் என்று விறைப்பாகவே சொன்னேன். "ஓம் டீச்சர்" என்றுவிட்டுப் போய்விட்டார்.

வீட்டில் மஃரிப் தொழுதுவிட்டு, அந்தப் படத்தைக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தேன். கொம்பென்று நான் நினைத்தது மடிப்புத்தான். முதுகு வெறுமையாக இருந்தது. கடல் உயிரினங்களை அடையாளம் காண்கிற ஓர் இணையக் குழுவில் படத்தைப் போட்டேன். விடியச் சுபஹுத் தொழுகைக்கு எழும்பிப் பார்க்க, அது தட்டைப்புழு என்று பதில் வந்திருந்தது. நிறத்தைப் பார்த்து நத்தையென்று ஏமாறுகிறவர்கள் நிறையப் பேராம்.

பிள்ளைகள் வருமுன் பெயரை மாற்றினேன். அது எப்படி நீந்தும் என்று அவர் சொன்னதையும் கீழே எழுதினேன். பிறகு அவருக்குக் கோல் எடுத்து, அவர் சொன்னதுதான் சரி என்றும், நான் கதைத்த விதத்துக்குக் குறை நினைக்கவேண்டாம் என்றும் சொன்னேன். சிரித்தார். படத்துக்கு முன்னால் நின்றபோதே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"உங்கட பிள்ளையள் பாத்துக்கிட்டு நிண்டாங்க டீச்சர்" என்றார்.

அதுவரை ஒரு பிள்ளை பிழையான விடை சொன்னால், வகுப்புக்கு முன்னாலேயே திருத்துவதுதான் என் பழக்கம். இப்போது மணியடித்து மற்றவர்கள் போகும்வரை பொறுத்திருந்து, பக்கத்தில் கூப்பிட்டுச் சொல்கிறேன். முன்பு வாயே திறக்காத பிள்ளைகளும் இன்று பிழையோ சரியோ கையை உயர்த்துவதைப் பார்க்கும்போது மனசு நிறைந்துவிடுகிறது.