ராஜகுமாருக்கு ஓர் 'ஆமா'

குளியலறைக்கு வழுக்காத டைல்ஸ் கேட்டு வந்தவரை உட்கார வைத்து, சுவரில் மாட்டியிருக்கும் வில்லின் மணிகளை ஒருமுறை குலுக்கிக் காட்டிவிட்டுத்தான் ராஜகுமார் விலை சொல்வார். "கேட்டியளா? வேணாட்டு ராஜாக்க காலத்துப் பாட்டாக்கும். நம்மளுக்க ரத்தத்தில கெடக்கு!" வந்தவர் குளியலறை அளவை மறந்துவிடுவார்.

மார்த்தாண்டத்தில் கடை போடுமுன் குவைத்தில் இருந்தார். அங்கே மலையாளிகள் அவரைப் பாண்டி என்றார்கள். மதுரைக்காரர்கள் மலையாளி என்றார்கள். ஓணத்துக்குச் செண்டை கொட்டிய ஒருவன், உங்களுக்கென்று என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டான். சுருக்கென்றது. வாய்க்கு வந்ததைச் சொன்னார்: "வில்லுப்பாட்டு." ஊர் திரும்பியபோது பெட்டியோடு பரம்பரையும் வந்து இறங்கியது.

அவருடைய அப்பா கோயில் கொடைத் திருவிழாக்களுக்கு மைக்செட் கட்டியவர். வில்லுக்கு மிக அருகில் வாழ்ந்த குடும்பம்தான், மறுப்பதற்கில்லை.

இந்த வருடம் ஊர்க்கோயில் தரைக்கு டைல்ஸ் இலவசமாகப் பதித்துக் கொடுத்தார். பதிலுக்குக் கொடையின் முதல் அரைமணி நேரம் அவருக்கு. ஃப்ளெக்ஸில் 'பரம்பரை வில்லிசைப் புலவர்' என்று போட்டாயிற்று. குடத்துக்கும் உடுக்கைக்கும் ஆள் கிடைத்தது. பாடுகிறவர் சொல்லச் சொல்ல ஜால்ரா தட்டி 'ஆமா' போட மட்டும் ஒருவரும் வரவில்லை. மனைவி சுபிதாவிடம் கெஞ்சினார்.

"கதைக்கு ஆமா போடுகேன். ஒங்க பரம்பரைக்குப் போட மாட்டேன். மாமாவுக்க ஸ்பீக்கரு இப்பவும் பரண்ல கெடக்கு."

"செரிட்டி, அதச் சொல்ல மாட்டேன். சத்தியம்."

சாயங்காலம் மேடையேறி, வில்லில் கோலைத் தட்டி, எதிரே ஊர் மொத்தத்தையும் பார்த்ததும் சத்தியம் பறந்துவிட்டது. "எங்க தாத்தாவுக்க தாத்தா பாடின வில்லாக்கும் இது!"

சுபிதா ஜால்ராவை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டாள். குடம் அடிப்பவர் பந்தலை அண்ணாந்து பார்த்தார். மைக் உஸ்ஸென்று இரைந்தது. ராஜகுமார் கோலை இன்னொருமுறை தட்டிப் பார்த்தார். அந்த ஒரு சொல் விழாவிட்டால் மறுபடியும் குவைத்தில் பட்ட பாடுதான்: அங்கேயும் சேர்த்தியில்லை, இங்கேயும் சேர்த்தியில்லை.

மெல்ல முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டார். குரலை வேறு ஆளுடையது போல மெலிதாக்கி, தமக்குத் தாமே போட்டுக்கொண்டார்:

"ஆமா!"