கொரியச் சாடிகளுக்குக் காவல்

மியூசியத்தில காவல் நிக்கிறது எண்டால் வாயையும் கையையும் கட்டிப்போட்டுக் காலை மட்டும் நோக விடுற வேலை. நாள் முழுக்க நிண்டு உழைக்கிற ஆக்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சூரிச்சில எனக்குத் தந்தது கொரிய அறை. வெள்ளைப் பீங்கானில நீலச் சித்திரம் கீறின பழைய சாடிகள். எனக்கு இன்னும் ப்ரோபெட்ஸைட், ஆள் சரிவருவானோ எண்டு பாக்கிற காலம். சரிவராட்டில் திரும்பவும் ஹோட்டல் குசினியில சட்டி கழுவவேணும். பொறுப்பாளர் ஃப்ராவ் கெல்லரின்ர சட்டம் ஒண்டுதான்: வாறவையோட கதைக்கப்படாது. நானோ, ஆரைக் கண்டாலும் அவையைப் போலக் கதைச்சுக் காட்டுற ஆள்.

பாதிச் சாடி

பக்கத்து ஊர் ஷ்லீரனில இருந்து ஒரு அக்கா தன்ர மனிசனோட வந்தவ. பெரிய சாடி ஒண்டு. ஓரத்தில ஒரேயொரு மூங்கில் கிளை, மிச்சமெல்லாம் வெறும் வெள்ளை. "தம்பி, இது கீறி முடிக்கேல்லையோ?" எண்டா. தமிழில கேட்டால் வாய் சும்மா நிக்குமோ? அந்த நீலம் வெளிநாட்டில இருந்து வரவேணும், சரியான விலை, அதால பாத்துப் பாத்துத்தான் கீறினவை, வெறும் இடமும் ஒரு வடிவுதானே எண்டு மெதுவாச் சொன்னன். அக்கா மனிசனைத் திரும்பிப் பாத்தா.

"கேட்டியளோ, எங்கட வீட்டுக்குப் பெயிண்ட் அடிச்சவரும் இதைத்தான் சொன்னவர்."

ரெண்டு டிராகன்

நடுவில, கண்ணாடிப் பெட்டி இல்லாமல் நிக்கிற சாடியில ஒரு டிராகன். பயமுறுத்த வந்து, வந்த அலுவலை மறந்த மாதிரி முழிக்கும். ஒருநாள் அதைப் பாத்து ஒரு சின்னப்பிள்ளை அழுதுது. கதைக்கத்தானே கூடாது? முழியைப் பிதுக்கி, மூக்கை விரிச்சு, அந்த முகத்தை அப்படியே செய்து காட்டினன். பிள்ளை சிரிச்சுது, தாய் சிரிச்சா. பின்னால நிண்ட ஃப்ராவ் கெல்லர் சிரிக்கேல்லை.

"ஹெர் செல்வராசா, எங்கட இன்சூரன்ஸ் ஒரு டிராகனுக்குத்தான். இன்னொருக்கா நடந்தால் வீட்ட போகலாம்."

இரவல் குரல்

அதுக்குப் பிறகு நானும் ஒரு சாடி மாதிரித்தான் நிண்டன். ப்ரோபெட்ஸைட் முடியிற கிழமை, முதுகில பெரிய பையோட ஒருத்தர் படம் எடுக்கப் பின்னுக்குப் பின்னுக்கு வாறார். பைக்கும் டிராகனுக்கும் நடுவில ஒரு சாண்கூட இல்லை. "கவனம்" எண்டன். காதில விழேல்லை. இன்னொருக்காச் சொன்னன். பிறகு என்ர வாயில இருந்து ஃப்ராவ் கெல்லரின்ர குரல் வந்திது: "அப்படியே நில்லுங்கோ." மனிசன் கல்லாப் போனார். பக்கத்து அறைக் காவல் மரியா போனைப் பொக்கற்றுக்குள்ள ஒளிச்சா. அந்த நேரம் பாத்து உண்மையான ஃப்ராவ் கெல்லர் வாசலில.

கந்தோருக்குக் கூப்பிட்டா. போற வழியெல்லாம் எனக்குக் குசினிச் சட்டிதான் தெரிஞ்சுது. அவ கையெழுத்து வைச்சு, கடுதாசியை என்ர பக்கம் தள்ளினா.

"இனி வேலை நிரந்தரம். ஆனால் அந்தக் குரல், நான் லீவில நிக்கேக்கை மட்டும்."

இரவல் முகத்தால போகப் பாத்த வேலை, இரவல் குரலால நிண்டிட்டுது பாருங்கோ.