பத்து நாள் பொறுக்கச் சொன்னவன்

போன செவ்வாய்க்கிழமை மதராஸ் ஆஸ்பத்திரியில், காசிம் பாயின் கண்கட்டை அவிழ்த்துப் பார்த்த டாக்டர் ஒரு கேள்வி கேட்டார். "மொதல் நாளே ஏன் வரலை? யார் பொறுக்கச் சொன்னது?"

மல்லாந்து கிடந்த பாய், "நானாத்தாங்க இருந்துட்டேன்" என்றார்.

பொறுக்கச் சொன்னவன் கட்டில் காலருகேதான் நின்றிருந்தேன்.

பாய்க்கு வில்லியனூரில் தையற்கடை. எங்கள் ஊர் நகரசபைக் கட்டடமான மேரியில், மேயர் முன்னிலையில் நான் பேசுவதாக ஒரு விழா ஏற்பாடாகியிருந்தது. அதற்கென்றே புதுக் கோட்டு தைக்கக் கொடுத்திருந்தேன். அளவு சரிபார்க்கப் போன அன்று, பாய் தயங்கித் தயங்கிச் சொன்னார். நாலு நாளாக வலது கண்ணில் மின்னல் மாதிரி வெட்டுகிறதாம். அன்று காலையிலிருந்து ஓரத்தில் கறுப்பாய் ஒரு திரை.

"வலி ஒண்ணுமில்ல வாத்தியாரே. புதுச்சேரி போயி டாக்டருகிட்ட காட்டிட்டு வந்துடட்டுமா?"

வலியே இல்லை, அப்புறம் என்ன? உஷ்ணம்தான், எண்ணெய் தேய்த்துக் குளியுங்கள், விழா முடியட்டும், நானே அழைத்துப் போகிறேன் என்றேன். வாராவாரம் இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் ஊருக்கே யோசனை சொல்கிறவன் ஆயிற்றே.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கண்ணைப் பற்றி ஒன்றும் தெரியாது. கோட்டு வேண்டியிருந்தது... அவ்வளவுதான்.

பத்தாம் நாள் புதுக் கோட்டோடு பேசினேன். கை தட்டினார்கள். மறுநாள் பாயைப் புதுச்சேரிக்கு அழைத்துப் போனபோது, திரை கண்ணின் நடுவைத் தாண்டியிருந்தது. அங்கிருந்த டாக்டர் அன்றைக்கே மதராஸுக்கு ரயிலேற்றினார்.

கண்ணுக்குள்ளே பின்புறம் ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வு கிழிந்து கழன்றுவிட்டதாம். மின்சாரத்தால் சுட்டு ஒட்டவைத்தார்கள். பிறகு இரண்டு கண்ணையும் கட்டி, தலையை அசைக்காமல் மூன்று வாரம் படுக்கை.

சவ்வு ஒட்டிக்கொண்டது. பார்வை? அந்தக் கண்ணுக்கு எதிரே ஆள் நிற்பது தெரிகிறது, யாரென்று தெரியவில்லை. நடுப்பார்வை மறைவதற்கு முன்பே வந்திருந்தால் பெரும்பாலும் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர். இனி ஊசியில் நூல் கோப்பதெல்லாம் இடது கண்ணை நம்பித்தான்.

டாக்டர் போன பிறகு, "என் பேரைச் சொல்லியிருக்கலாமே பாய்" என்றேன்.

"சொல்லி இன்னா ஆவப்போவுது வாத்தியாரே? நீங்க படிச்சவரு... அதான் கேட்டேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

கண்ணில் மின்னல் வெட்டி, ஓரத்தில் திரை விழுந்தால் அன்றைக்கே டாக்டரிடம் ஓடுங்கள் — வழியில் என்னைப் போன்றவன் எதிர்ப்பட்டால், நிற்காதீர்கள்.