முறை வைத்து நடந்த பள்ளிக்கூடம்

எங்கள் ஆசிரியர்கள் முறை வைத்துக்கொண்டு பள்ளிக்கு வந்தார்கள். ஏரித் தண்ணீருக்கு முறை வைப்பார்களே, அதுபோல. திங்கள், செவ்வாய் இரண்டு பேர். புதன், வியாழன் வேறு இரண்டு பேர். வெள்ளிக்கிழமை யாருக்குத் தோதுப்படுகிறதோ அவர். வராத நாட்களுக்கெல்லாம் வந்த அன்றைக்குச் சேர்த்துக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். பதிவேட்டை மட்டும் பார்த்தால் மாநிலத்திலேயே அதைவிட ஒழுங்கான உயர்நிலைப் பள்ளி இருக்காது.

சங்கராபுரத்தைத் தாண்டி, கல்வராயன் மலைக்கு ஏறும் சாலை வளையத் தொடங்கும் இடத்தில் எங்கள் ஊர். காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். ஆசிரியர்கள் கள்ளக்குறிச்சியிலிருந்தும் சின்னசேலத்திலிருந்தும் வர வேண்டும். அவர்கள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை என்று இந்த வயதில் ஒப்புக்கொள்கிறேன். பதினைந்து வயதில் ஒப்புக்கொள்ளவில்லை. அப்போது எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

கணக்கு ஆசிரியர் நான் ஒன்பதாவது படிக்கும்போதே மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவருக்குப் பதில் யாரும் வரவில்லை. பத்தாம் வகுப்பில் தமிழ் ஐயாதான் கணக்கும் எடுத்தார். நல்ல மனிதர். செய்யுளை ராகத்தோடு பாடி நடத்தினால் பக்கத்து வகுப்பும் அமைதியாகிவிடும். கணக்கு என்றால் மட்டும் கைடைப் பார்த்துப் பலகையில் நான்கு வரி எழுதுவார். ஐந்தாவது வரி அவருக்கே பிடிபடாது. "மீதிய வூட்ல போட்டுப் பாருங்க" என்று சாக்பீஸைக் கீழே வைத்துவிடுவார். எங்கள் வீடுகளில் அந்த மீதியைப் போடத் தெரிந்தவர் யார் இருந்தார்கள்?

என் அப்பா நெடுஞ்சாலைத் துறையில் சாலைக் கூலி. நிரந்தரம் ஆகாத வேலை. குழி மூடுவது, ஓரத்துப் புதர் வெட்டுவது, மைல்கல்லுக்கு வெள்ளையடிப்பது. அந்தக் கல்லில் இருக்கும் ஊர்ப் பெயர்களையும் எண்களையும் படிப்பார், அதற்கு மேல் படிக்க வராது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பாட்டுப் புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு மனப்பாடமாகப் பாடுவார். நான் பத்தாவது பாஸ் செய்துவிட்டால் நர்சு வேலைக்கோ டீச்சர் பயிற்சிக்கோ போகலாம் என்பது அவர் கணக்கு. ஃபெயிலானால் அத்தை மகன் எலவனாசூர்கோட்டையில் தயாராக இருந்தான். எனக்கு அவனைப் பிடிக்காது என்பதில்லை. படிப்பு முடிந்துபோவதுதான் பிடிக்கவில்லை.

வகுப்புக்கு நான்தான் லீடர். கோபத்தில் எனக்கு ஒரு யோசனை வந்தது. அவர்கள் முறை வைத்து வந்தால் நாமும் முறை வைத்து வந்தால் என்ன? முப்பத்தொரு பேரை மூன்று கூட்டமாகப் பிரித்தேன். மலையிலிருந்து இறங்கி வரும் பிள்ளைகளுக்குக் கடுக்காய் பொறுக்கும் நாட்களில் விடுப்பு. எங்களுக்குக் கடலை பிடுங்கும்போது விடுப்பு. வந்தவர்கள் வராதவர்களுக்கும் சேர்த்து "உள்ளேன் ஐயா" சொல்ல வேண்டும். ஆசிரியர்கள் தலையை நிமிர்த்திப் பார்க்காமல் குறித்துக்கொண்டார்கள். பார்த்தவர்களும் பார்க்காததுபோல் இருந்தார்கள். எனக்கு அது பெரிய வீரம் மாதிரி இருந்தது. யாரைப் பழிவாங்குகிறேன் என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம்.

அந்த வருடங்களில்தான் இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்தது. புரட்டாசி வாக்கில் ஒரு வாரம் சாலையெல்லாம் மரம். புளியமரங்களை வெட்டிக் குறுக்கே தள்ளியிருந்தார்கள். கள்ளக்குறிச்சிப் பக்கமிருந்து ஒரு சைக்கிள்கூட வரவில்லை. என் வகுப்புத் தோழி ஒருத்தியின் அண்ணன் அந்தக் கூட்டத்தில் இருந்தான். "நாங்க சும்மாவா ரோட்டுல நிக்கறோம்? படிப்புல, வேலைல பங்கு கேக்கறோம். நாளைக்கு இதுங்களுக்குத்தான் ஆவும்" என்று எங்களைக் காட்டிச் சொன்னான். பங்கு கேட்டது நியாயம்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பந்தியில் இடம் கிடைத்தாலும் முதலில் பத்தாவது என்ற வாசலைத் தாண்ட வேண்டுமே. அந்த வாசலில் எங்களுக்குக் கணக்கு நின்றது.

வாரம் முடிந்ததும் மரங்களை அகற்றும் வேலை அப்பாவுக்கு வந்தது. கோடாலியும் ரம்பமுமாக நான்கு நாள். கை முழுக்கக் கொப்புளத்தோடு வந்து உட்கார்ந்தவர், "ஒரு வாரமா வூட்டுலயே கீறியே, பாடம் கெட்டுப்போச்சா?" என்று கேட்டார்.

"மரம் இல்லாட்டியும் அதேதாம்பா. கணக்கு வாத்தியாரே கெடயாது" என்றேன். ஒன்றரை வருடத்துக் கோபத்தையும் கொட்டினேன். எங்கள் முறையைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கவில்லை.

அப்பா விளக்கைக் கிட்டே இழுத்து வைத்தார். "மனு போடுவோம். பேப்பர் எடு" என்றார்.

அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஆசிரியர்கள் முறை வைத்து வருவது, கணக்குக்கு ஆள் இல்லாதது, பரீட்சைக்கு ஐந்தாறு மாதமே இருப்பது. எழுதியதைத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டார். "பணிவோட கேட்டுக்கறோம்னு போட்டியா? ரெண்டு வாட்டி போடு" என்றார். கீழே அவருடைய கையெழுத்து. கூலிப் பட்டியலில் போட்டுப் பழகிய, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக நிற்கும் கையெழுத்து. கல்வி அலுவலகத்துக்குத் தபாலில் அனுப்பினோம்.

மழை ஓய்ந்து கார்த்திகையில் ஒரு நாள் ஹெட்மாஸ்டர் எங்கள் வகுப்புக்கு வந்தார். அடிக்கிற ஆள் இல்லை, சத்தம் போடவும் மாட்டார்.

"நாளைக்குக் கல்வி அதிகாரி வர்றாரு. யாரோ மனு போட்டிருக்காங்க. அவரு கேட்டா உண்மையச் சொல்லுங்க, நான் தடுக்க மாட்டேன்" என்றார். பிறகு மேசையில் இருந்த எங்கள் அட்டெண்டன்ஸை எடுத்துப் புரட்டினார். "எங்க பதிவேடு பொய்யின்னா இதுவும் பொய்தான். நாள் கம்மியா வந்த புள்ளைக்கு ஹால் டிக்கெட் வராது. அதையும் தெரிஞ்சிக்கினு பேசுங்க."

கணக்கு ஆசிரியர் இல்லாத வகுப்புக்கு இந்தக் கணக்கு மட்டும் உடனே புரிந்தது. முப்பது பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். முறைப் பட்டியல் போட்டவள் நான்தானே.

மறுநாள் எல்லா ஆசிரியர்களும் வந்திருந்தார்கள். எல்லாரையும் ஒரே நாளில் பார்த்ததில் எங்களுக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. அதிகாரி ஒல்லியான மனிதர், கண்ணாடி போட்டிருந்தார். எங்கள் வகுப்பிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து ஆசிரியர் பதிவேட்டை ஒவ்வொரு தாளாகத் திருப்பினார். ஒரு தாளில் விரல் நின்றது.

"இது மரம் வெட்டிப் போட்ட வாரம்தானே? எல்லாரும் வந்ததா கையெழுத்து இருக்கே."

பழக்க தோஷம் என்பது அதுதான். சாலை திறந்து முதல் பஸ்ஸில் வந்தவர்கள், காலியாக இருந்த கட்டங்களை வழக்கம்போல நிரப்பியிருக்கிறார்கள். அந்த வாரத்துக்கு லீவு எழுதியிருந்தால்கூட யாரும் எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள். எங்கள் அட்டெண்டன்ஸிலும் அதே வாரம் முப்பத்தொரு பேரும் வந்திருந்தோம்.

ஹெட்மாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஸ்டாஃபு எல்லாம் நடந்தே வந்துட்டாங்க சார்."

"சின்னசேலத்திலிருந்துமா?"

"ஆமாங்க சார்."

அதிகாரி சிரிக்கவில்லை. எங்கள் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்க. அந்த வாரம் பள்ளிக்கூடம் நடந்துதா?" என்று கேட்டார்.

 அப்போதே நான் எழுந்திருக்கலாம். எழுந்திருக்க வேண்டும் என்றுதான் இரவெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் மலையிலிருந்து வரும் பெண் என் தாவணி நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் அந்த வருடம் பாதி நாள்கூட வந்திருக்க மாட்டாள், என் பட்டியல்படிதான். பின் வரிசையிலிருந்து யாரோ ஆரம்பித்தார்கள். உடனே வகுப்பு முழுக்க, "நடந்துச்சுங்க சார்" என்றோம். என் குரலும் அதில் இருந்தது. முனகலாக இல்லை, நன்றாக உரக்கவே இருந்தது.

"கணக்குப் பாடம்?"

"நடக்குதுங்க சார்."

"லீடர் யாரு?" என்று கேட்டார். எழுந்தேன். ஒரு தாளைக் கொடுத்து, சொன்னதை எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். எங்கள் பள்ளியில் எல்லாப் பாடங்களும் எல்லா நாட்களும் ஒழுங்காக நடைபெறுகின்றன என்று எழுதிக் கொடுத்தேன். அவர் தம் கோப்பைத் திறந்து அப்பாவின் மனுவை எடுத்து, நான் எழுதிய தாளின் பக்கத்தில் வைத்தார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டிலும் ஒரே சாய்வு, ஒரே மாதிரிச் சுழித்த ழகரம். என் காது மடல் சுட்டது.

"எழுத்து அழகா இருக்கும்மா" என்றார். அவ்வளவுதான். இரண்டு தாள்களையும் ஒன்றாகக் குத்திக் கோப்பை மூடினார்.

அவர்மீது நான் பல வருடம் கோபமாக இருந்தேன். எல்லாம் தெரிந்தும் போய்விட்டாரே என்று. பிறகு நானும் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தாவாகி, கோப்புகளோடு வாழ்ந்து பார்த்தபோது கோபம் குறைந்தது. மனுவை எழுதியவளே அது உண்மை இல்லை என்று எழுதிக் கொடுத்தபிறகு அவர் எதை வைத்து என்ன எழுதுவார்? என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், அது உண்மை. கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேனா என்பதுதான் எனக்கு இன்றுவரை உறுதியாகத் தெரியவில்லை.

பொங்கல் கழிந்து அப்பாவின் பெயருக்குப் பழுப்புக் கவர் வந்தது. அவருக்கு ஒரே சந்தோஷம். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, பிரிக்காமல் என்னிடம் கொடுத்தார்.

"படி பாப்பா. கணக்கு வாத்தியாரு எப்ப வர்றாராம்?"

மனு விசாரிக்கப்பட்டது, புகாரில் உண்மை இல்லை என்று தெரியவருகிறது, மாணவர்களே எழுத்து மூலம் மறுத்துள்ளனர், நகல் இணைப்பில். படிக்கும்போதே மாற்றிப் படித்துவிடலாமா என்று தோன்றியது. வருவார் என்று போட்டிருக்கிறது என்று சொன்னால் அப்பா நம்பியிருப்பார். ஆனால் அதற்குள் இணைப்பாக வந்த ஜெராக்ஸ் தாள் நழுவி அவர் காலடியில் விழுந்தது, அவர் குனிந்து எடுத்தார். அந்த எழுத்துகளை அவரால் கூட்டிப் படிக்க முடியாது. ஆனால் என் கையெழுத்து தெரியும். பரீட்சை விண்ணப்பத்துக்காக நான் காலண்டர் தாள்களின் பின்னால் வரிவரியாகப் போட்டுப் பழகியதைப் பக்கத்தில் உட்கார்ந்து ரசித்தவர் அவர்.

"இது உன்னோடதுதான?"

ஒன்று விடாமல் சொன்னேன். முறைப் பட்டியல், அட்டெண்டன்ஸ், ஹால் டிக்கெட். அறை விழும் என்று காத்திருந்தேன். விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப நான் பொய் சொன்னவனா?" என்று கேட்டார்.

"இல்லப்பா. நீ சொன்னதுதான் நெசம்."

"அத இங்க சொல்ற. அங்க சொல்லலியே" என்றார். கடிதத்தை வாங்கி நான்காக மடித்து பைபிளுக்குள் வைத்தார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை.

ஹால் டிக்கெட் எல்லாருக்கும் வந்தது. ஒருவருக்கும் நாள் குறையவில்லை. கணக்குப் பரீட்சையில் ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு வரி எழுதினேன், ஐந்தாவது வரிக்குக் கை நின்றது. முடிவு வந்தபோது நான்கு பாடங்களில் நல்ல மார்க், கணக்கில் பத்தொன்பது. வகுப்பில் மூன்று பேர்தான் தேறினார்கள். அவர்கள் எப்படித் தேறினார்கள் என்பது அவர்களுக்கே தெரியவில்லை. அக்டோபரில் மறுபடி எழுதிக் கணக்கில் தேறினேன். ஆனால் நர்சு, டீச்சர் எல்லாம் அந்த வருடத்தோடு தள்ளிப்போய், தள்ளிப்போனது வராமலே போய்விட்டது.

முடிவு வந்த அன்றைக்கு நான் உள்ளே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். அத்தை எலவனாசூர்கோட்டையிலிருந்து வந்திருந்தாள். தேதி பார்க்கத்தான் வந்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். வாசலில் நின்றுகொண்டே, "இன்னா, பொண்ணு ஒழுங்கா படிக்கலியா?" என்று கேட்டாள்.

அப்பாவின் குரல் கேட்டது. தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்: "எம்பொண்ணு ஒழுங்காத்தான் படிச்சுது. அந்தப் பள்ளிக்கூடத்துல கணக்கு வாத்தியாரே கெடயாது. புள்ள இன்னா பண்ணும்?"

நான் வாயில் தாவணியை அடைத்துக்கொண்டு அழுதேன்.